கோத்தகிரி பக்கம் ஓர் ஓடையில் கயாக்: நானூறு மீட்டர், மூன்று மணி நேரம்

தேயிலைத்தூள் · ஞாயிறு, இரவு 9:12

நீலகிரியில் சொந்தக் கயாக்கை (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு) எங்கே இறக்கலாம் என்று போன மாதம் இந்தத் தளத்தில்தான் கேட்டிருந்தேன். பைக்காரா, ஊட்டி ஏரி என்று சிலர் சொன்னீர்கள். அங்கெல்லாம் டிக்கெட் எடுத்து அவர்கள் படகில் உட்காரலாம், நம் படகை இறக்க முடியாது. பவர்ஹவுஸ் ஐயா மட்டும் "மலையில ஆறு ஓடாது தம்பி, விழும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி மனதிலேயே கிடந்தது. விழாமல் ஓடும் இடம் எங்காவது இருக்குமா என்று யோசித்தபோது ஞாபகம் வந்ததுதான் எங்கள் சித்தப்பா தோட்டத்து ஓடை.

சித்தப்பாவுக்குக் கோத்தகிரிக்கு மேலே இரண்டு ஏக்கர் தேயிலை. தோட்டத்தின் அடிவாரத்தில் ஒரு குட்டை. மருந்தடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று தாத்தா காலத்தில் மண்கரை போட்டு ஓடையை மறித்தது. முக்கால் ஏக்கர் இருந்தால் அதிகம். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை சதுப்புக்குள் வளைந்து வளைந்து வருகிறது. மேட்டிலிருந்து பார்த்தால் கோரைக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். சின்ன வயதில் அதன் கரையில் நண்டு பிடித்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. இன்று போனேன்.

முதலில் போன வார அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது காற்றடிக்கும் கயாக். 3.1 மீட்டர் நீளம், 14 கிலோ. மேட்டுப்பாளையம் வீட்டு மொட்டை மாடியில் மத்தியான வெயிலில் காற்றடித்தேன். காற்றழுத்த மீட்டர் 3 பி.எஸ்.ஐ. காட்டியது. மேலே போய் யார் மறுபடி பம்ப் அடிப்பது என்று அப்படியே பிக்கப்பில் கட்டி ஏற்றிவிட்டேன். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் இருந்தவர் "என்னங்க இது, கல்யாண மண்டபத்துக்கா?" என்று கேட்டார். அதற்குள்ளேயே தட்டினால் உடுக்கை மாதிரி சத்தம் வந்தது. எனக்கு உறைக்கவில்லை. வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்க்கும்போது 'பொட்' என்று ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. சீட்டுக்குப் பின்னால் தரை ஒட்டு நாலு விரற்கடை பிரிந்துவிட்டது. சித்தப்பா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல டியூப் ஒட்டறவன் இருக்கான்" என்றார். அந்த ஞாயிறு அத்தோடு போச்சு.

இந்த வாரம் மடித்துக் கொண்டுபோய் குட்டைக் கரையிலேயே காற்றடித்தேன். ஏழரை மணி. மார்கழிப் பனி புல்லில் வெள்ளையாக இருந்தது. நான் படகில், சித்தப்பா பையன் கரையோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

குட்டையைக் கடக்க ஐந்து நிமிடம். ஓடை வந்து சேரும் இடம் வாசல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாசலும் இல்லை, திண்ணையும் இல்லை. வண்டல் விசிறி மாதிரி பரந்து கிடக்கிறது, ஒரு சாண் ஆழம்கூடக் கிடையாது. கயாக்குக்கு அடியில் நேராகப் போவதற்கு மாட்டும் ஃபின் சேற்றில் குத்தி நின்றது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு படகு நேராகப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தாலும் நாலு விரல் தண்ணீரில்கூட வழுக்கிக்கொண்டு ஏறியது.

உள்ளே நுழைந்ததும் அடுத்த பிரச்சினை. என் துடுப்பு 2.3 மீட்டர். ஓடை இரண்டு மீட்டர். இரண்டு பக்கமும் கோரையில் இடிக்கிறது. நடுவில் திருகி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் காலுக்கடியில் போட்டுவிட்டு, மறு பாதியால் பரிசல்காரர் மாதிரி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனேன். அது நன்றாக வேலை செய்தது. சத்தமும் இல்லை.

உட்கார்ந்த நிலையில் தலை கோரைக்குக் கீழே இருக்கிறது. தோட்டம் தெரியாது, ரோடு தெரியாது, கோத்தகிரியே தெரியாது. கரை என்று நாம் மேலிருந்து நினைப்பது கரையே இல்லை. வேர்ப் பின்னல், கீழே குடைந்த மண், அதற்குள் தண்ணீர் போய் வருகிறது. ஒரு இடத்தில் கழுத்து நீண்ட வெள்ளை லில்லி வரிசையாக நின்றது. இன்னொரு வளைவில் சீகை மரம் ஒன்று சாய்ந்து ஓடைக்குக் குறுக்கே கூரை போட்டிருந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு அதன் அடியில் போனேன். மேலே சோலையிலிருந்து சீகாரப் பூங்குருவியின் சீட்டி, சோம்பேறிப் பையன் பாட்டு மறந்து மறந்து அடிப்பது போல.

முந்நூறு மீட்டர் போனதும் ஓடை இரண்டாகப் பிரிகிறது. அங்கேதான் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். வலது கிளை பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சரிவிலிருந்து வருகிறது, டீ நிறம். இடது கிளை மேலே மிச்சமிருக்கும் சோலையிலிருந்து வருகிறது, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். இரண்டும் சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, நடுவில் துணி மடிப்பு மாதிரி ஒரு கோடு. கயாக் அந்தக் கோட்டின் மேலேயே நின்றது. வீட்டுச் சமையல் தெர்மாமீட்டரைக் கொண்டுபோயிருந்தேன் (சிரிக்க வேண்டாம்). வலது பக்கம் 16, இடது பக்கம் 14.

இடது கிளையில் ஏறினேன். நடுவில் ஒரு தட்டைப் பாறை. அதன் மேல் செங்கல் பொடி தூவியது போல் ஏதோ கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் நண்டு ஓட்டுத் துணுக்குகள், வெள்ளையும் ஆரஞ்சுமாக, ஒரு கைப்பிடி. மீன் வாடை.

அதைத் தாண்டி அறுபது மீட்டர் போயிருப்பேன். கரையில் தம்பி நின்றுவிட்டான். கையால் தரையைக் காட்டினான். ஈர மண்ணில் ஒரு குளம்படி, என் உள்ளங்கையைவிடப் பெரியது. அந்தக் குழிக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. காட்டெருமை போய் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. திரும்பலாம் என்றால் படகு மூன்று மீட்டர், ஓடை இரண்டு மீட்டர். திரும்பவே முடியாது. பிரிவு வரைக்கும் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்தேன். எருமையைப் பார்க்கவே இல்லை. பார்க்காததுதான் கஷ்டமாக இருந்தது.

மொத்தம் போக நானூறு மீட்டர். கரைக்கு வந்தபோது மணி பத்தரை.


புல்லட்மணி · ஞாயிறு, இரவு 9:20

செம ப்ரோ. லொகேஷன் போடுங்க.


உப்பங்கழி · ஞாயிறு, இரவு 10:05

முட்டுக்காட்டில் எட்டு வருடமாகக் கயாக் விடுகிறேன், பிச்சாவரத்துச் சுரபுன்னைக்குள் பல தடவை தொலைந்திருக்கிறேன். ஆனால் படகு மலை ஏறும்போதே வெடித்த கதையை இப்போதுதான் கேட்கிறேன். ஏன் பிரிந்தது என்று சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800. அந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைந்துவிடும். நீங்கள் உள்ளே அடைத்த காற்று அப்படியே இருக்கிறது. ஆக கீழே 3 காட்டிய மீட்டர் மேலே 5-ஐத் தாண்டிக் காட்ட வேண்டும். மலைக்குளிர் கொஞ்சம் இறக்கியிருக்கும், அப்படியும் நாலரைக்குக் குறையாது. உங்கள் மாதிரிப் படகுகளின் தரைக்கு அவ்வளவு தாங்காது. வால்வுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். சிப்ஸ் பாக்கெட் மலை ஏறினால் உப்பிக்கொள்வதும் இதே கதைதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெயிலில் நின்ற படகில் காற்றடித்து 14 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் பத்து நிமிடத்தில் தொளதொளத்துப் போகும். முதலில் தண்ணீரில் விட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி நாலு பம்ப் அடிக்க வேண்டும். மத்தியானம் கரையில் ஏற்றிப் போட்டால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும்.

பாதித் துடுப்பு யோசனை பிரமாதம். ஒரே ஒரு கேள்வி. தம்பி பிடித்திருந்த கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருந்தது?


தேயிலைத்தூள் · ஞாயிறு, இரவு 10:11

என் இடுப்பில்.


உப்பங்கழி · ஞாயிறு, இரவு 10:30

அதைத்தான் பயந்தேன். இனி வேண்டாம். படகின் மூக்கில் கட்டுங்கள், உடம்பில் கட்டாதீர்கள். கவிழ்ந்தால் லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கும், கயிறு ஏதாவது வேரில் மாட்டினால் கீழே பிடித்துக்கொள்ளும். இரண்டு மீட்டர் அகல ஓடைதானே என்று தோன்றும். மூழ்குவதற்கு அகலம் தேவையில்லை.

சாய்ந்த சீகை மரத்தின் அடியில் படுத்துக்கொண்டு போனீர்களே, அதுவும் ஓட்டம் இல்லாத மார்கழி என்பதால் சரி. மழைக்குப் பிறகு தண்ணீர் இழுக்கும்போது விழுந்த மரத்தைப் போல ஆபத்து வேறு கிடையாது. கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் போக மாட்டான். சல்லடையில் மாட்டிய தேயிலைத்தூள்தான் (பெயர்ப் பொருத்தம் என் தப்பல்ல). அப்படி ஒரு மரம் தெரிந்தால் இறங்கிப் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவதே முறை.


பவர்ஹவுஸ் · திங்கள், காலை 5:48

தம்பி, படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. அதனாலதான் பயமா இருக்கு. இதைப் படிச்சிட்டு நாலு பசங்க ஒரு ரப்பர் போட்டைத் தூக்கிட்டு அவலாஞ்சிக்குப் போவானுங்க.

முப்பத்தொரு வருசம் மின்வாரியத்துல இருந்தேன், பாதி குந்தா பக்கம், பாதி பைக்காரா பக்கம். சிங்காரா பவர்ஹவுஸ் 1932-லேயே ஓட ஆரம்பிச்சது. குந்தா திட்டம் பின்னாடி, கொழும்புத் திட்டம்ங்கிற பன்னாட்டு உதவித் திட்டத்துல கனடாக்காரன் உதவியோட கட்டினது. இந்த மலையில நீங்க பார்க்கிற பெரிய தண்ணி பெரும்பாலும் கரண்டுக்காக நிறுத்தி வெச்ச தண்ணி. ஒரு பவர்ஹவுஸ்ல விழுந்த தண்ணி அடுத்ததுக்குப் போகும், அங்கிருந்து அதுக்கு அடுத்தது, கடைசியா பில்லூர். உங்க கோயம்புத்தூர்க்காரங்க குடிக்கறதும் அதைத்தான். சாயங்காலம் ஊருக்குக் கரண்டு தேவை ஏறினா மிசின் ஓடும். மிசின் ஓடினா கீழ ஆத்துல தண்ணி ஏறும். காலைல பாறை பாறையா வெறும் ஓடையா இருந்த இடம் அது. சைரன் ஊதுவோம். துணி துவைக்கிறவங்களுக்குத் தெரியும், எந்திரிச்சுப் போயிடுவாங்க. டூரிஸ்டு நின்னு வீடியோ எடுப்பான்.

அணைக்குப் பின்னால ஓடை வந்து சேர்ற வால் பகுதி இருக்கே, அங்க கயாக் விடலாம்னு இதே தளத்துல ஒருத்தர் எழுதியிருந்தார். அது இன்னும் மோசம். தண்ணி இறங்கின காலத்துல மேல காஞ்ச மாதிரி இருக்கும், வெடிச்சுக்கூட இருக்கும். கால வெச்சா முழங்கால், அடுத்த அடி இடுப்பு. ஒரு பசுமாட்டை வெளிய எடுக்க நாங்க பன்னெண்டு பேரு ஒரு மத்தியானம் பூரா மல்லுக்கட்டினோம். மூங்கில் தட்டியைப் போட்டு அது மேல படுத்துட்டுதான் கயிறு கட்டினோம்.

அப்புறம் மழை. 2019 ஆகஸ்டுல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது மேக்குப் பக்கம், ஆடி ஆவணி மழை. உங்க கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகைதான் கொட்டும். 2009 நவம்பர்ல மண்ணு சரிஞ்சு எத்தனை உசுரு போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஓடை சின்னது, ஆனா அதுக்குப் பின்னால நிக்கிற மலை சின்னது இல்ல.


தேயிலைத்தூள் · திங்கள், காலை 8:02

ஐயா, வணக்கம். ஒரு வார்த்தைகூட மறுக்க முடியாது. எங்கள் ஓடைக்கு மேலே அணை எதுவும் இல்லை, குட்டையும் எங்களுடையதே. மழைக்காலத்தில் போகமாட்டேன். ஆனால் உங்கள் பயம் வேறு என்பதும் புரிகிறது.


கொடைக்காரன் · திங்கள், காலை 10:40

பழனி மலையிலிருந்து ஒரு வரி. நம்ம கொடை ஏரியும் ஓடையை மறிச்சதுதான். மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863-ல கரை போட்டார், படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. ஏரி வழிஞ்சு போற தண்ணிதான் மலைப்பாதையில எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கிற வெள்ளி அருவி. அதாவது ஓடுறதைப் பிடிச்சு நிறுத்தினாங்க, விட்டதும் மறுபடி விழுந்துருச்சு. பவர்ஹவுஸ் ஐயா சொன்னது எங்க ஊருக்கும் பொருந்தும்.

பேரிஜம் ஏரியைப் பார்த்துட்டு எனக்கும் கை அரிச்சிருக்கு. ஆனா அது பெரியகுளத்துக்குக் குடிதண்ணி, வனத்துறை இடம், படகுக்கே பேச்சில்லை. மன்னவனூர்ல பரிசல் விடறாங்க, அதுல போயிட்டு வந்தேன். சுத்திச் சுத்தியே போச்சு. கயாக் ஆசை தீரல.


புல்லட்மணி · திங்கள், காலை 10:44

அண்ணா அந்த ஓடை லொகேஷன்? சண்டே ஃப்ரீ.


சோலைவாசி · திங்கள், மதியம் 1:15

பாறை மேல் கிடந்தது நீர்நாயின் எச்சம். நம் மலை ஓடைகளில் இருப்பது சின்ன வகை, விரல்நுனியில் நகம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த விரல்களால் கல்லுக்கு அடியில் துழாவி நண்டு பிடிக்கும். அதனால்தான் எச்சம் முழுக்க நண்டு ஓடு. ஒரே பாறையில் திரும்பத் திரும்பப் போடும், மற்ற நீர்நாய்களுக்கு அது கடிதம் மாதிரி. நீங்கள் அதன் தபால்பெட்டிக்கு முன்னால் கயாக்கை நிறுத்தியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். மீன் வாடை இருந்தது என்றால் ரொம்பப் பழசு இல்லை.

இனி கசப்பானது. இந்த இழையைத் தொடங்கியிருக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். நீங்கள் சொந்த நிலத்தில் போனீர்கள், சரி. படிப்பவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. அவர்கள் காப்புக்காட்டுக்குள் நுழைவார்கள். அனுமதி இல்லாமல் அங்கே கால் வைப்பதே குற்றம், தமிழ்நாடு வனச் சட்டம் 1882-லிருந்து இருக்கிறது. முக்கூர்த்தி தேசியப் பூங்கா, முதுமலைப் புலிகள் காப்பகம் என்றால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் யாரும் படிக்கப் போவதில்லை, "சீகாரப் பூங்குருவி சீட்டி" மட்டும் மனதில் நிற்கும்.


தேயிலைத்தூள் · திங்கள், மதியம் 1:52

நீர்நாய் என்று கேட்டதும் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். முப்பத்தாறு வருடமாக அந்த ஓடைக்குப் பக்கத்தில் வந்துபோகிறேன், எங்கள் வீட்டில் யாரும் நீர்நாய் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "அது கீரி, தண்ணிக் கீரி, எங்கப்பா காலத்துலேயே இருக்கு" என்றார், பால்காரர் வந்துபோனதைச் சொல்வது போல.

எழுதியிருக்கக் கூடாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எழுதாமல் இருந்த காலத்தில்தானே வலது கிளை டீ நிறம் ஆனது? யாரும் பார்க்காத ஓடைக்கு என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது. இடத்தைச் சொல்லமாட்டேன், அது உறுதி. (புல்லட்மணி, உங்களுக்கும்தான்.)


சோலைவாசி · திங்கள், மதியம் 2:10

பார்க்கப்படாத ஓடை கெடுகிறது, பார்க்கப்பட்ட ஓடை சீக்கிரமாகக் கெடுகிறது. ஊட்டிப் பக்கம் நீங்களே போய்ப் பாருங்கள். விடுங்கள், இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.


நிலா_அம்மா · திங்கள், மாலை 6:25

எனக்கு நீச்சல் தெரியாது, பையனுக்கு ஒன்பது வயது. லைஃப் ஜாக்கெட் போட்டால் இந்த மாதிரிக் குட்டையில் போகலாமா? குட்டைதானே, ஆழம் இருக்காதுதானே?


உப்பங்கழி · திங்கள், மாலை 7:00

மேடம், ஆழத்தைவிடக் குளிர்தான் முதல் எதிரி. 14 டிகிரித் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் நம்மை அறியாமலே வாய் திறந்து ஆவென்று மூச்சை இழுப்போம். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே போதும். நன்றாக நீந்துபவர்களும் அதில்தான் மாட்டுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் அந்த முதல் ஒரு நிமிடம் முகத்தை மேலே வைத்திருக்கத்தான். மூச்சு தானாக அடங்கும், அதுவரை கைகால் உதறாமல் மிதந்தால் போதும். சிறுவர்களுக்குக் காலுக்கு நடுவே பட்டை போட்டுக் கட்டும் வகை வாங்குங்கள், இல்லையென்றால் தலை வழியாகக் கழன்று வரும்.

முதல் தடவையைச் சமவெளியில், வெதுவெதுப்பான தண்ணீரில், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்ந்து பாருங்கள். பையன் சிரிப்பான், நீங்கள் மாட்டீர்கள். பரவாயில்லை.


ஊற்றுக்கண் · செவ்வாய், இரவு 9:33

இந்தத் தளத்துல எழுதினதில்ல, படிக்கிறதோட சரி. நான் கோத்தகிரிப் பக்கம் கீழ ஒரு ஊர். எங்க பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க, டான்டீ தோட்டத்துல (அரசாங்கத் தேயிலைத் தோட்டம்) கொழுந்து எடுத்தாங்க. எங்க லைன் வீடுகளுக்குத் தண்ணி மேல இருந்து கறுப்பு ஓஸ் பைப்புலதான் வருது. யாரோ ஒருத்தர் தோட்டத்துக்கு மேல, தெளிவான ஓடையில கல்லை அடுக்கி ஓஸ் சொருகி இருக்கோம். அண்ணா எழுதின ஓடை அதுதானான்னு தெரியல. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எல்லா ஓடையிலயும் யாராவது ஒரு ஊர் ஓஸ் போட்டிருக்கும்.

அண்ணா கோச்சுக்காதீங்க. நீங்க நீர்நாய் எச்சம் பார்த்தீங்க, எருமைக் குளம்பு பார்த்தீங்க, தண்ணி எத்தனை டிகிரின்னுகூட அளந்தீங்க. ஓஸ் பார்க்கலையா?


தேயிலைத்தூள் · செவ்வாய், இரவு 10:20

பார்த்தேன்.

இடது கிளையில், பாறைக்குக் கொஞ்சம் முன்னால், மூன்று கறுப்பு ஓஸ் தண்ணீருக்கடியில் கிடந்தது. படகு உரசாமல் இருக்கத் துடுப்பால் அமுக்கிவிட்டு மேலே போனேன். எழுதும்போது அதை விட்டுவிட்டேன். படம் மாதிரி இருந்த இடத்தில் ஓஸ் அசிங்கமாக இருந்தது, அதனால்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.


ஊற்றுக்கண் · செவ்வாய், இரவு 10:41

அமுக்கினது பரவாயில்ல, சொருகின இடம் விலகலைன்னா போதும். விலகினா எங்க அப்பா ஏறி வந்து சரி பண்ணணும், ஒரு மணி நேர நடை. முட்டி வலி வேற.

கேக்க நினைச்சது வேற. அந்தக் கயாக்கை அதுக்கு முன்னாடி எங்க விட்டீங்க?


தேயிலைத்தூள் · செவ்வாய், இரவு 10:58

கோவையில் ஒரு குளத்தில், தீபாவளி லீவில். ஓட்டிப் பழக.

ஆகாயத்தாமரை நிறைய இருந்த குளம். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரிந்துவிட்டது. சீட்டைக் கழற்றி இப்போது பார்த்தேன். அடி மடிப்பில் காய்ந்த வேர் ஒரு கொத்து இருக்கிறது. ஒட்டுப் போட்டவர் கூட அதைச் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை.


சோலைவாசி · செவ்வாய், இரவு 11:15

காய்ந்தது நல்லது. ஆனால் விதை காய்ந்தாலும் சாகாது, சேற்றில் பல வருடம் கிடந்து முளைக்கும். ஊட்டி ஏரியில் வருடக்கணக்காக அதை அள்ளுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். உங்கள் குட்டைக்கு வந்தால் இரண்டு கோடையில் மூடிவிடும்.

இனி ஒவ்வொரு தடவையும் வேறு தண்ணீருக்குப் போகும் முன் மடிப்பு மடிப்பாகப் பிரஷ் போட்டுக் கழுவி, கழுவிய தண்ணீரை ஓடைப் பக்கம் விடாமல், மூன்று நான்கு நாள் வெயிலில் காயவையுங்கள். கயிறு, லைஃப் ஜாக்கெட், செருப்பு எல்லாமே. குட்டை ஓரத்தைத் தை, மாசி இரண்டு மாதமும் வாராவாரம் பாருங்கள். வட்ட இலை ஒன்று தெரிந்தாலும் வேரோடு எடுத்து, கரையில் போடாமல் மேட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

ஊற்றுக்கண், நீங்கள் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். சட்டம் பேசிக்கொண்டிருந்தேன்.


உப்பங்கழி · புதன், காலை 7:10

என் தப்பும் இதில் உண்டு. காற்றழுத்தத்தைக் கணக்குப் போட்டேன், கழுவினீர்களா என்று கேட்கவில்லை. கடல்தண்ணீரில் விடுபவனுக்கு அந்த நினைப்பே வராது. உப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்ற தைரியம்.


தேயிலைத்தூள் · ஞாயிறு, மாலை 5:30

இன்று கயாக் இல்லாமல் போனேன். ரப்பர் பூட்ஸ், கையில் அரிவாள், தம்பி முன்னால் சத்தம் கொடுத்துக்கொண்டே. குட்டையைச் சுற்றி ஓரம் முழுக்கத் துழாவினோம். ஆகாயத்தாமரை இல்லை. இரண்டு மது பாட்டில், ஒரு உரச்சாக்கு, தாத்தா காலத்துப் பித்தளைக் குழாய் மூக்கு ஒன்று, அட்டை ஏழு (எனக்கு நாலு, தம்பிக்கு மூன்று).

பிறகு இடது கிளை. மூன்று ஓஸில் ஒன்று கல்லிலிருந்து விலகித்தான் இருந்தது. நான் அமுக்கியதாலா, எருமை மிதித்ததாலா, தெரியவில்லை. வாயில் சீகை இலை அடைத்திருந்தது. எடுத்துவிட்டதும் 'களக் களக்' என்று விக்கிவிட்டு இழுக்க ஆரம்பித்தது. கல்லைப் பழையபடி அடுக்கிவிட்டு வந்தோம். ஊற்றுக்கண், அது உங்கள் ஊர் ஓஸ் இல்லை என்றாலும் யாரோ ஒருவர் அப்பாவின் ஓஸ்.

பாறைக்குப் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்ததில் புதிதாக ஏதோ இருந்தது.


ஊற்றுக்கண் · ஞாயிறு, இரவு 8:04

எங்க வீட்டுக் குழாய்ல இன்னைக்கு மத்தியானம் தண்ணி நல்லா வந்துச்சு. வேற காரணமா இருக்கும். ஆனாலும் அப்பாகிட்ட சொன்னேன். "படகு விடற ஆளா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு.


புல்லட்மணி · ஞாயிறு, இரவு 8:15

சரி லொகேஷன் வேண்டாம். கயாக் எங்க வாங்கினீங்க, அதையாவது சொல்லுங்க.


பவர்ஹவுஸ் · திங்கள், காலை 5:51

தம்பி, ஒரு விசயம். எனக்கு அறுபத்தெட்டு வயசு, 92 கிலோ. இத்தனை வருசம் தண்ணியை மேல நின்னு பார்த்திருக்கேன், வால்வைத் திருகி விட்டிருக்கேன், ஒரு தடவைகூட அது மேல உட்கார்ந்ததில்ல. உங்க போட்டு தாங்குமா?


தேயிலைத்தூள் · திங்கள், காலை 7:20

ஐயா, படகில் 180 கிலோ வரை என்று போட்டிருக்கிறது. நானும் நீங்களும் சேர்ந்து 163. குட்டையில் மட்டும், ஓடைக்குள் இல்லை. பொங்கல் கழித்து ஒரு ஞாயிறு, பனி விலகினதும் எட்டரைக்கு. ஸ்வெட்டர் வேண்டாம், நனைந்தால் கனக்கும். சாய்ந்த சீகையை சித்தப்பா அதற்குள் வெட்டுகிறேன் என்கிறார், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.